சுமப்பவரும் தோள் கொடுப்பவரும்

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அதிகாலை, எகிப்திலிருந்து புறப்பட்ட சரக்கு விமானம் ஒன்று மும்பையில் வந்திறங்கியது. அதில் வந்தது சரக்கன்று, ஒரு பெண்மணி! அலெக்சாந்திரியா நகரைச் சேர்ந்த ஈமான் அஹ்மத் என்னும் அச்சகோதரிக்கு வயது 36. எடையோ ஏறத்தாழ 500 கிலோ. கட்டிலோடு அவரை லாரியில் ஏற்றிச் சென்று, பாரந்தூக்கி கொண்டு மருத்துவமனைக்குள் சேர்த்தனர். ஏறத்தாழ 25 ஆண்டுகளாக அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை என்று குடும்பத்தார் கூறினர்.

இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது நம்மிற் பலருடைய நாவில் முதலில் எழுவது இரக்கமன்று; தீர்ப்பு! "வாயைக் கட்டியிருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?" என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம். அக்கேள்வியில் உண்மை அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் முழு உண்மையும் அதுவன்று.

மார்க்கக் கடமைகளை நம் ஆலிம்கள் இருவகையாகப் பிரித்துச் சொல்வார்கள். ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டியது பர்ளு ஐன். ஊரில் சிலரேனும் முன்வந்து நிறைவேற்ற வேண்டியது பர்ளு கிஃபாயா. எவரும் முன்வராவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். உடற்பருமன் என்னும் இன்றைய பெருந்துன்பத்தையும் இவ்விரு கண்களாலும் பார்த்தால் தெளிவு பிறக்கும்.

நம் பங்கு

முதலில் நம் கணக்கைப் பார்ப்போம். உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீறலாகாது என்பது திருக்குர்ஆன் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் இடும் கட்டளை. வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளவு வகுத்துத் தந்ததைத் திர்மிதீ நூலில் காண்கிறோம்.

நாம் என்ன செய்கிறோம்? நம் இராமநாதபுரக் கடற்கரை ஊர்களின் முன்னோர், மரக்கலம் செலுத்தியும் சங்கு குளித்தும் பிழைத்தவர்கள். பாட்டிமார் உலக்கை பிடித்தார்கள், அம்மி அரைத்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள். அந்த உழைப்புக்கு நெய்ச்சோறும் வட்டிலப்பமும் தொதலும் பொருந்தின. இன்று உலக்கை போய்விட்டது. தொதல் மட்டும் நிலைத்துவிட்டது! நோன்பு திறக்கும் வேளையில் கஞ்சியோடு நிற்காமல், எண்ணெயில் பொரித்தவை தட்டு நிறைய வந்து சேர்கின்றன. பகலெல்லாம் பசித்திருந்து பெற்ற நன்மையை உடல் அந்தியிலேயே இழந்துவிடுகிறது.

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் மிகை எடை உடையவர்கள். ஆகவே இது ஏதோ ஒரு வீட்டின் கதையன்று.

ஒருவர் தம் நிலையை அறிந்துகொள்வது கடினமன்று. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக, 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்மணி 90 கிலோ இருந்தால் விடை 40. நம் நாட்டு மருத்துவர்கள் 25ஐத் தொட்டாலே உடற்பருமன் என்கின்றனர்; 40 என்பதோ கடுமையான நிலை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அதுவும் எச்சரிக்கையே. நீரிழிவும் இரத்த அழுத்தமும் அந்த வாசல் வழியாகவே பெரும்பாலும் நுழைகின்றன. இந்த அளவில் விழித்துக்கொள்வது ஒவ்வொருவரின் தனிக்கடமை.

தனி மனிதரின் எல்லை

ஆனால் நோய் முற்றிய பின்? அங்கேதான் நம் தீர்ப்பு தடுமாறுகிறது.

பசியும் நிறைவும் நம் விருப்பத்துக்கு மட்டும் கட்டுப்பட்டவை அல்ல. உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து, "போதும்" என்று மூளைக்கு உணர்த்தும் லெப்டின் என்னும் சுரப்பு 1994இல் கண்டறியப்பட்டது. அச்செய்தி மூளையைச் சென்றடையாதபடி பிறவியிலேயே மரபணுக் குறை உடையவர்களும் உள்ளனர். ஈமான் அவர்களுக்கு அத்தகைய அரிய குறை இருந்ததை மும்பை மருத்துவர்கள் கண்டறிந்தனர். "தின்று கெட்டாள்" என்று சொன்ன நாவுகள் அப்போதேனும் வெட்கப்பட்டிருக்க வேண்டும்!

பிறவிக் குறை இல்லாதவர்க்கும் பாதை எளிதன்று. எடை குறையத் தொடங்கியதும் உடல் பசியைக் கூட்டுகிறது. செலவிடும் ஆற்றலைச் சுருக்குகிறது. இழந்த எடையை மீட்கப் போராடுகிறது. மூட்டு வலியால் நடக்க முடியாது; நடக்காததால் எடை கூடும். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதால் பகலெல்லாம் அயர்வு. கேலிக்கு அஞ்சித் திருமணத்துக்கும் போகாமல், மருத்துவரிடமும் போகாமல், நான்கு சுவர்களுக்குள் ஒடுங்குகிறார்கள். கணவர் வளைகுடாவில், பிள்ளைகள் வெளியூரில் என்றிருக்கும் வீடுகளில் அந்தத் தனிமைக்கு அளவேது? கிணற்றில் விழுந்தவர் தம் கவனக்குறைவால் விழுந்திருக்கலாம். அதற்காகக் கயிறு வீசாமல் கரையில் நின்று உபதேசம் செய்வது தகுமா?

தோள் கொடுத்தவர்கள்

ஈமானுக்குக் கயிறு வீசியவர்கள் இருந்தனர். விசா கிடைப்பதற்கு அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் உதவினார். தாவூதி போரா சமூகத்தாரின் சைஃபீ மருத்துவமனை அவருக்கெனத் தனி அறை அமைத்தது. மார்ச் மாதத்தில் இரைப்பையைச் சுருக்கும் அறுவை நடந்தது. எடை பெருமளவு குறைந்ததாக மருத்துவர்கள் அறிவித்தனர். உடனிருந்த சகோதரி அதனை ஏற்கவில்லை. மே மாதம் அபூதாபி மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அவர், செப்டம்பர் 25ஆம் நாள் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

உதவி வந்தது, மிகத் தாமதமாக வந்தது. அதுவே நாம் பெறும் படிப்பினை.

சவூதி அரேபியாவின் காலித் ஷாஅரீ என்னும் இளைஞரின் வரலாறு வேறு விதம். 2013இல் அவர் எடை 610 கிலோ. மன்னர் அப்துல்லாஹ் அவர்களின் ஆணைப்படி அவரை வீட்டிலிருந்து வெளிக்கொணர்ந்து, ஜாஸானிலிருந்து ரியாதுக்கு விமானத்தில் கொண்டு சென்று மருத்துவம் அளித்தனர். முறையான உணவும் சிகிச்சையும் பயிற்சியும் ஆண்டுக்கணக்கில் தொடர, 500 கிலோவுக்கும் மேல் குறைந்து அவர் எழுந்து நடந்தார். அவருடைய உறுதியும் பிறருடைய துணையும் சேர்ந்தன. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இது நடந்திராது.

அத்துணை தூரம் செல்வானேன்? நம் இராமேஸ்வரம் மண்ணில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், ஹைதராபாத் மருத்துவமனையில் ஊனமுற்ற சிறுவர்கள் ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள உலோகக் கால்தாங்கிகளை இழுத்து நடப்பதைக் கண்டார். "பொறுமையாக நடங்கள்" என்று அறிவுரை கூறிவிட்டுச் செல்லவில்லை. ஏவுகணைக்குப் பயன்பட்ட இலேசான பொருளால், சில நூறு கிராம் எடையே உள்ள கால்தாங்கிகள் உருவாக வழிசெய்தார். நடந்தவர்கள் அச்சிறுவர்களே, சுமையைக் குறைத்தது மற்றவர் பொறுப்பு.

ஊர் செய்யக் கூடியவை

முதலாவது, நாவைக் காப்பது. பரிகாசத்தையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, மறுமைத் தராசில் அவை உஹது மலையினும் கனமானவை என நபிகள் நாயகம் (ஸல்) திருத்தினார்கள் என்பது முஸ்னத் அஹ்மதில் உள்ள செய்தி. மெலிந்த உடலுக்குள்ள கண்ணியம் பருத்த உடலுக்கு இல்லையா?

இரண்டாவது, விருந்து. வேண்டாம் என்பவர் தட்டில் மேலும் சோற்றைத் தள்ளுவது உபசரிப்பாகாது. சஹனில் கூடி உண்ணும் நம் வழக்கம் அருமையானது. அதன் நோக்கம் பகிர்ந்துண்பதே, மிகுதியாக உண்பதன்று.

மூன்றாவது, பெண்கள் நடக்க இடம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதலில் அன்னையார் வென்றார்கள்; பின்னாளில் உடல் கனத்தபோது நாயகம் வென்று, அன்றைக்கு இது ஈடு என்று நகையாடினார்கள். அபூதாவூதில் உள்ள இச்செய்தியில் அன்பு இருக்கிறது, இழிவு இல்லை. பள்ளிக்கூட மைதானத்தை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் பெண்களுக்கென ஒதுக்க நம் ஜமாஅத்துகளுக்கு என்ன தடை?

நான்காவது, மருத்துவம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். 2022 முதல் இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆனால் படியிறங்க முடியாத ஒரு தாயை அங்கே அழைத்துச் செல்ல வாகனமும், இரண்டு பெண்களின் துணையும், ஏழையாயின் பைத்துல்மாலிலிருந்து சிறிது பணமும் வேண்டும். மஹல்லாவுக்கு ஒரு சிறு குழு போதும். பள்ளிவாசலிலும் திருமண மண்டபத்திலும் கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலிகள் சில போட்டு வைப்பதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

சகோதர சகோதரிகளே! ஒருவர் இறந்துவிட்டால் சந்தூக்கைச் சுமக்க ஊரே திரள்கிறது. "நான் ஒரு தோள் கொடுக்கிறேன்" என்று முந்துகிறோம். கனத்த உடலாயின் கூடுதலாக நால்வர் சேர்கிறோம். அங்கே எவரும் குறை பேசுவதில்லை. அது பர்ளு கிஃபாயா என்பதை அறிந்திருக்கிறோம். அதே மனிதர் உயிரோடிருந்தபோது, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல இரண்டு கைகள் இல்லாமற் போனது ஏன்?

மய்யித்துக்குக் கொடுக்கும் தோளை உயிரோடு இருப்பவர்க்கும் கொடுப்போம். உண்ணும் அளவை ஒவ்வொருவரும் பேணவும், தளர்ந்தவரை ஊர் தாங்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.