காசல்ரீ நீருக்கு என்ன விலை?

ஆயிரம் லீட்டர் தண்ணீர் எவ்வளவு என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. லயத்துக் கூரையோரம் நிற்கும் கறுப்புத் தாங்கி ஒன்று நிறைந்தால் அவ்வளவுதான். அதே ஆயிரம் லீட்டர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இருந்தால் அதன் பயணம் வேறு. முதலில் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலியைச் சுற்றிவிட்டு நோட்டன் குளத்தில் சேரும். அங்கிருந்து குழாய் வழியே பழைய லக்சபானவுக்கு இறங்கும். பிறகு பொல்பிட்டியவில் மூன்றாம் முறையும் வேலை செய்துவிட்டுக் களனி கங்கையோடு போகும். மொத்தம் சுமார் 900 மீட்டர் இறக்கம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம். அந்த 2 யூனிட்டுக்கு என்ன விலை போடுவது? பழைய லக்சபானவின் முதற்கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அணைக்கும் குழாய்க்கும் போட்ட முதல் எப்போதோ மீண்டுவிட்டது, எரிபொருள் செலவும் கிடையாது, ஆகவே பராமரிப்புச் செலவே விலை என்பது ஒரு பதில். இரவு ஏழு மணிக்கு அந்த நீர் இல்லையென்றால் டீசலைத்தான் எரிக்க வேண்டும், ஆகவே டீசலின் விலையே நீரின் விலை என்பது இன்னொரு பதில். இரண்டும் சரிதான். மொத்த மின்சாரச் சந்தை என்ற அமைப்பில் இலாபமும் நட்டமும் பிறப்பது இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். அந்த இடைவெளி யாருக்குச் சேரும் என்பதை முதலில் தீர்மானிக்காமல் இலங்கையில் சந்தையைத் திறக்கக் கூடாது என்பது என் வாதம்.

சந்தை பற்றிய பேச்சு இங்கே புதிதல்ல. 1969இல் உருவான இலங்கை மின்சார சபை, உற்பத்தி, கடத்தல், விநியோகம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது. அதைப் பிரிப்பதற்கான சட்டம் 2002இலேயே நிறைவேறியது, நடைமுறைக்கு வரவில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கொடுத்தது. பிறகு 2022 வந்தது. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, நீர்மட்டமும் இறங்கிவிட்டது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருள். அந்த ஆண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 விழுக்காடும் ஏறியது. அதன் பின்னணியில்தான் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரித்து, காலப்போக்கில் மொத்தச் சந்தை ஒன்றுக்கு வழி திறந்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நிறுவனங்களை அரசின் முழு உடைமையிலேயே வைத்தது.

மொத்தச் சந்தை இயங்கும் விதம் எளிது. ஒவ்வொரு மின்நிலையமும் நாளைய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தன் யூனிட்டை என்ன விலைக்குத் தரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். முறைமையை இயக்கும் நிறுவனம் அவற்றை மலிவிலிருந்து மேல்நோக்கி அடுக்கி, தேவை நிறையும் வரை ஒவ்வொன்றாக அழைக்கும். கடைசியாக அழைக்கப்பட்ட நிலையம் கேட்ட விலையே அந்த நேரத்தில் எல்லாருக்கும் கிடைக்கும் விலை. விளங்குவதற்காக ஒரு கணக்கு: நீர் 5 ரூபாய், நுரைச்சோலை நிலக்கரி 25 ரூபாய், டீசல் 70 ரூபாய் என்று வைப்போம். நண்பகலில் நிலக்கரியோடு தேவை தீர்ந்தால் எல்லாருக்கும் 25. இரவு ஆறரைக்கு வீடுகளில் விளக்கும் தொலைக்காட்சியும் எரியத் தொடங்கி டீசல் இயந்திரத்தையும் இழுக்க வேண்டி வந்தால் எல்லாருக்கும் 70. ஐந்து ரூபாய்ச் செலவில் ஓடும் லக்சபானவுக்கும் 70தான். இது அநியாயம் என்று தோன்றும். ஆனால் இந்த முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: போதிய போட்டி இருந்தால் உண்மைச் செலவைச் சொல்வதே ஒவ்வொருவருக்கும் இலாபம். கூட்டிச் சொன்னால் வரிசையில் பின்தள்ளப்படுவார்கள். எந்த நேரத்தில் மின்சாரம் அரிதாக இருக்கிறது என்பதை விலையே காட்டிக்கொடுக்கும். மின்கலமோ காற்றாலையோ எங்கே, எவ்வளவு தேவை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேறில்லை.

நீர்த்தேக்கம் இந்த வரிசையில் ஒரு விசித்திரமான பண்டம். இன்று விற்றால் நாளைக்கு இல்லை. மழை பொய்த்தால் நாளைக்கு அதன் மதிப்பு பல மடங்கு. ஆகவே நீரைக் கையில் வைத்திருப்பவர் இன்றைய விலையைப் பார்த்து மட்டும் மதகைத் திறப்பதில்லை. தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதை 1996 காட்டியது. அப்போது நம் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு நீரிலிருந்தே வந்தது. வறட்சியில் தேக்கங்கள் வற்ற, மின்வெட்டு நீண்டது. பகல் வெளிச்சத்தை மிச்சம்பிடிக்க நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். வியப்பான செய்தி என்னவென்றால், 1992இல் இதே காரணத்துக்காக இதே காரியத்தைக் கொலம்பியாவும் செய்தது. அந்த நாடும் மலை நீரை நம்பியிருந்தது. 1995இல் அது மொத்தச் சந்தையைத் திறந்தது. பிற்காலத்தில், வறட்சிக் காலத்தில் கட்டாயம் மின்சாரம் தருவேன் என்று உறுதி கொடுக்கும் நிலையங்களுக்குத் தனிக் கொடுப்பனவும் ஏற்படுத்தியது. 1997–98, 2015–16 எல் நினோ வறட்சிகளை 1992 போன்ற நாடு தழுவிய மின்வெட்டு இல்லாமல் அது கடந்தது. எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 2015இல் அந்தக் கொடுப்பனவு பெற்றுவந்த ஓர் அனல்மின் நிலையம் நட்டத்தைக் காட்டி ஓட மறுக்க, அரசே தலையிட வேண்டியிருந்தது. சந்தையால் வறட்சியைத் தாங்க முடியும், ஆனால் உறுதிமொழியை மீறுபவரைப் பிடிக்க வலுவான கை ஒன்று வேண்டும்.

விலையில் அடங்காத நீரும் உண்டு. 2023 ஓகஸ்டில் உடவளவைப் பகுதியின் நெற்பயிர் காய்ந்தபோது சமனலவெவ நீர்த்தேக்கத்து நீரை விடுவதா, தென்பகுதி மின்சாரத்துக்காக வைத்திருப்பதா என்ற பிணக்கு அமைச்சரவை வரை போனது. நீரை விடவே முடிவாயிற்று, அதற்குள் விவசாயி பல நாள் வீதியில் நின்றுவிட்டான். லக்சபானவிலிருந்து இறங்கும் நீர் கொழும்புக்குக் குடிநீர் தரும் களனி கங்கையின் நீர். கொத்மலை நீர் மகாவலி வயல்களுக்கும் போகிறது. இவற்றுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் சந்தையில் வைக்கலாம். இன்னொன்று: நோட்டனில் திறப்பதா மூடுவதா என்ற முடிவு அடுத்தடுத்த நிலையங்களுக்கு எப்போது நீர் கிடைக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஒரே நீரில் ஓடும் நிலையங்களை வெவ்வேறு கைகளில் கொடுத்தால் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பட்டினி போடலாம். ஆகவே லக்சபானத் தொகுதி உடையாமல் ஒரே கையில் இருக்க வேண்டும்.

மூவாயிரம் மெகாவாட் அளவிலான உச்சத் தேவையுள்ள சிறு தீவில் போட்டி ஏது, பெரும் உற்பத்தியாளர் அரசு ஒருவரே அல்லவா என்று கேட்பார்கள். கேள்வி வலுவானது. 1990இல் இங்கிலாந்தும் வேல்ஸும் சந்தையைத் திறந்தபோது, நஷனல் பவர், பவர்ஜென் என்ற இரண்டே நிறுவனங்கள் பெரும்பாலான நேரம் விலையைத் தம் வசம் வைத்திருந்தன. 2001இல் அந்த முறையையே கைவிட்டார்கள். எனவே இங்கே மணிக்கு மணி ஏலத்தை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம். ஆனால் போட்டி வேறொரு வாசலால் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது. மன்னார், பூநகரிக் காற்றாலைகளுக்குப் போட்டி ஏலம் இல்லாமல் அதானி நிறுவனத்தோடு பேசி 2024இல் அமைச்சரவை ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சதம். ஏலத்தின் மூலம் மன்னாரிலேயே 50 மெகாவாட் காற்றாலைக்கு 2025இல் உடன்பட்ட விலை 4.65 சதம். இரண்டு திட்டங்களும் அளவிலும் பொறுப்பிலும் ஒன்றல்ல என்பது உண்மை. அதை ஒதுக்கி வைத்தாலும் இடைவெளி பெரிது. புதிய நிலையங்களை ஏலத்தில் வாங்குவதும், மணிக்கு மணி எந்த நிலையம் என்ன செலவில் ஓடியது என்பதை வெளியிடுவதும் முதற்படியாகப் போதும்.

ஏழையின் கட்டணம் ஏறும் என்பதே கனமான ஆட்சேபம். தொழிலாளியின் குடும்பத்துக்கு மின்கட்டணச் சீட்டு வெறும் காகிதம் அல்ல. அந்த மாதத்துச் சாப்பாட்டுக் கணக்கில் கைவைக்கும் சீட்டு. இங்கேதான் முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்ப வேண்டும். லக்சபான 5 ரூபாய்க்கு உற்பத்தி செய்து 70 ரூபாய் பெற்றால், மிச்சம் 65. அரசுடைமை என்பதாலேயே அது மக்களுக்குச் சேர்ந்துவிடாது. திறைசேரிக்குள் போய்க் கடன் வட்டியில் கரைந்தும் விடலாம். பழைய நீர்மின் நிலையங்களின் உற்பத்தியை உண்மைச் செலவு விலையில் நீண்டகால ஒப்பந்தத்தில் கட்டி, குறைந்த யூனிட் பாவிக்கும் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். சந்தை விலை மற்றவற்றுக்கு இருக்கட்டும். மலையகத்துக்கு இதைக் கேட்கும் உரிமை கூடுதலாக உண்டு. மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் நீருக்கு மேலே தெரியும். மேல் கொத்மலை மின்திட்டத்துக்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் வீடு மாறின, சென்கிளேயர் அருவி மெலிந்தது. அந்த விலையை யாரும் எந்த ஏலத்திலும் கேட்கவில்லை.

கட்டணத் திருத்தம் வரும்போதெல்லாம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. எழுதியும் அனுப்பலாம், நேரில் போயும் சொல்லலாம். அடுத்த முறை தோட்டத்துச் சங்கங்களும் ஆசிரியர்களும் இளைஞர்களும் ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள்: காசல்ரீ நீரை என்ன விலைக்குக் கணக்கில் எழுதுகிறீர்கள், மிச்சம் யாருக்குப் போகிறது?