ஓவனா... ஓவனா..? ஒரே சத்தம், ரெண்டு பேரு!

ஒரு நிமிஷம் நீங்க அயர்லாந்துல இருக்கீங்கனு வெச்சுக்கங்க பாஸ். வீட்ல குட்டிப் பையன் பொறந்திருக்கான். 'ஓவன்'னு பேரு வைக்கலாம்னு தாத்தா, பாட்டி, அத்தை எல்லாரும் ஒருமனதா முடிவு பண்ணிட்டாங்க. (கேக் வேக வைக்கிற ஓவன் இல்லீங்க, நிஜமாவே பேருதான்!) பதிவு ஆபீஸ்ல ஃபாரத்தை நீட்டுறாங்க. அங்கேதான் சிக்கல். எந்த ஓவன்?

ஈ-ஓ-ஐ-என் என்று நாலே எழுத்தில் ஒரு ஓவன். ஈ-ஓ-ஜி-ஹெச்-ஏ-என் என்று ஆறு எழுத்தில் இன்னொரு ஓவன். கூப்பிட்டா ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம்தான். ஆனா, வேர் வேற, வரலாறு வேற.

நாலெழுத்து ஓவன்

இவரை உங்களுக்கு நல்லாவே தெரியும். 2021 ஐ.பி.எல். ஃபைனல் ஞாபகம் இருக்கா? துபாயில் நம்ம சென்னை 27 ரன்னில் ஜெயிச்சு நாலாவது கப் தூக்கிச்சே... எதிரில் நின்ன கொல்கத்தா கேப்டன்தான் இவர். 'இயான் மார்கன்', 'இயோன் மோர்கன்'னு நாம விதவிதமா எழுதினோமே, அவர் பேரை 'ஓவன்'னுதான் சொல்லணும். 1986-ல் டப்ளினில் பிறந்தவர். 2007 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்கு ஆடிட்டு, 2019-ல் இங்கிலாந்து கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். 'ஆர்ட்டெமிஸ் ஃபவுல்' கதைகளை எழுதிய கோல்ஃபரும் இதே நாலெழுத்து ஓவன்தான்.

இந்தப் பேரு லத்தீன் மொழி வழியா வந்தது. மூலம், பைபிளில் வரும் யோவான். நம்ம ஊரில் ஜான், யோவான், அருளப்பர்னு ஒரே பேரு மூணு வேஷம் போடுதில்லையா, அதே கதைதான். அங்கே இன்னொரு வேஷமும் உண்டு... 'ஷான்'! 12-ம் நூற்றாண்டில் வந்த நார்மன்காரர்கள் தங்களோட பிரெஞ்சு 'ஜானை'க் கொண்டுவந்தாங்க. அது ஐரிஷ் வாயில் 'ஷான்' ஆயிடுச்சு. ஸோ, மூத்த பையன் ஷான், இளையவன் நாலெழுத்து ஓவன்னா, ரெண்டு பேருக்கும் ஒரே பேரை வெச்சுட்டீங்கனு அர்த்தம்!

ஆறெழுத்து ஓவன்

இவர் பக்கா உள்ளூர். 'யூ மரத்தில் பிறந்தவன்'னு பொருள் சொல்றது வழக்கம். யூ, நூற்றாண்டுகள் தாண்டி நிற்கும் பசுமை மரம். நியால் என்ற பழைய அரசனோட மகன்களில் ஒருத்தன் பேரு இது. அவன் வம்சம் ஆண்ட மண் 'ஓவனின் நாடு'. ஐரிஷில் 'டீர் ஓவன்' மாதிரி ஒலிக்கும் அந்தப் பேருதான் தேய்ஞ்சு, இன்னிக்கு வட அயர்லாந்தின் 'டைரோன்' ஆகியிருக்கு. பக்கத்து டொனிகால் மாவட்டத்தில் இருக்கும் இனிஷோவன் தீபகற்பத்திலும் அதே ஆள்தான் ஒளிஞ்சிருக்கார். 1646-ல் பென்பர்ப் போரில் ஜெயிச்ச தளபதி ஓவன் ரோ ஓ'நீல் பேரும் ஆறெழுத்துதான்.

அது சரி, நடுவில் அந்த ஜி-ஹெச் எதுக்கு? பழைய ஐரிஷ் எழுத்தில், ஒரு மெய்யெழுத்து மெலிஞ்சு ஒலிச்சா அதன் தலையில் ஒரு புள்ளி வைப்பாங்க. நம்ம புள்ளி உயிரை எடுக்கும், அவங்க புள்ளி வன்மையை எடுக்கும்! 20-ம் நூற்றாண்டில் ரோமன் அச்செழுத்துக்கு மாறினப்போ, புள்ளிக்குப் பதில் ஹெச் வந்து உட்கார்ந்துச்சு. 'ழ'வைக் காட்ட இசட் பக்கத்தில் ஹெச் போடுற நமக்கு இதெல்லாம் புதுசா என்ன?

தொலைஞ்ச பேரு, திரும்பி வந்த பேரு

ஸ்பெல்லிங்குக்கு இவ்ளோ யோசனையானு கேட்காதீங்க. ஆங்கிலேயர் ஆட்சியில் பதிவேடுகளில் பேரெல்லாம் ஆங்கிலமாச்சு. நாலெழுத்துக்காரர் ஜான் ஆனார். ஆறெழுத்துக்காரர் ஓவன் ஆனார், இல்லேன்னா சம்பந்தமே இல்லாம யூஜின் ஆனார்! அதைத் திருப்பிப் போட்டவங்களில் முக்கியமானவர், 1893-ல் ஐரிஷ் மொழிக்காக 'கேலிக் லீக்' தொடங்கியவர்களில் ஒருத்தரான மெக்நீல். ஜானாகப் பிறந்த அவர், நாலெழுத்து ஓவனாகத் தன் பேரை எழுதினார்.

சரி, எதை டிக் அடிக்கலாம்?

* தாத்தா பேரு ஜானா? நாலெழுத்து. யூஜினா? ஆறெழுத்து. தாத்தா பேரு அப்படியே பேரனுக்கு வந்துடும்.

* வீட்ல ஏற்கெனவே ஷான் இருக்கானா? கண்ணை மூடிக்கிட்டு ஆறெழுத்து.

* பூர்வீகம் டைரோன், டொனிகால் பக்கமா? ஆறெழுத்துக்கு ஊரே சாட்சி சொல்லும்.

* வீட்ல ஐரிஷ் பேசுவீங்களா? முருகனைக் கூப்பிட்டா 'முருகா' ஆகுதில்ல... அதேபோல ஆறெழுத்து ஓவனை விளிக்கும்போது கடைசி எழுத்துக்கு முன்னாடி ஒரு ஐ சேர்ந்துக்கும். நாலெழுத்து மாறவே மாறாது.

* பையன் வெளிநாடு போவானா? ரெண்டுமே ரிஸ்க்தான். ஒருத்தனை 'இயோயின்'னு கூப்பிடுவாங்க, இன்னொருத்தனை 'இயோகன்'னு கூப்பிடுவாங்க. எழுத்து கம்மிங்கிறதால, ஃபோனில் ஸ்பெல்லிங் சொல்றப்போ நாலெழுத்துக்காரன் சீக்கிரம் தப்பிச்சுடுவான்.

'வம்பே வேணாம், ஓ-டபிள்யூ-ஈ-என்னு போட்டுடலாமே?'னு தோணுதா? போடலாம். உலகமே சரியா உச்சரிக்கும். ஆனா, அது யோவானா, யூ மரமா, இல்லை வேல்ஸ் நாட்டு ஓவனானு யாருக்கும் தெரியாது. ஸ்பெல்லிங் சொல்ல அவனுக்கு ஆகப்போறது பத்து விநாடி. அந்தப் பத்து விநாடிக்காக ஒரு வரலாறை விட்டுக்கொடுக்கணுமா பாஸ்?

என் ஓட்டு ஆறெழுத்துக்கு. உங்க ஓட்டு?