நின்றால் கேட் திறக்குமா?

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஒரகடத்துல கம்பெனி வேலை. ஷிப்ட் முழுக்க நின்னுக்கிட்டேதான். வீட்டுக்கு வந்தா அடுப்படி. இதுக்கு மேல எக்சர்சைஸ் வேறயா?"

நியாயமான எரிச்சல். 2022இல் இந்தியப் பெண்களில் 57 சதவீதமும் ஆண்களில் 42 சதவீதமும் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்றது, 2024இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு. அறுபதைத் தாண்டினால் இருபாலருக்கும் நிலைமை இன்னும் மோசம். கம்பெனி வேலை, வீட்டு வேலை எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். ஆனால் மூச்சு சற்று வாங்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடமாவது. சும்மா நிற்பது சேராது.

ஏன் சேராது என்பதில்தான் சுவாரசியம். தசைச் செல்லை ஒரு கம்பெனி என்று வையுங்கள். வெளியே சர்க்கரை லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆனால் கேட்டுகள் மதிலில் இல்லை, உள்ளே ஸ்டோரில் கிடக்கின்றன. குளூட்-4 என்ற புரதம்தான் அந்தக் கேட். இன்சுலின் வந்து மணியடித்தால் அவற்றைத் தூக்கிவந்து மதிலில் பொருத்துவார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் மணி அடித்தாலும் உள்ளே சரியாகக் கேட்பதில்லை. ஆனால் மெஷின் ஓடத் தொடங்கினால் கதையே வேறு. தசை சுருங்கும்போது வெளிப்படும் கால்சியமும், எரிபொருள் குறைவதை மோப்பம் பிடிக்கும் ஏஎம்பிகே நொதியும், மணிக்குக் காத்திராமல் கேட்டைப் பொருத்த வைத்துவிடுகின்றன. சர்க்கரை நோயாளிக்கும் இந்த வழி வேலை செய்கிறது. மெஷின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கேட் திறந்தே இருக்கும், செக்யூரிட்டிக்கு ஓவர்டைம்.

நிற்கும்போது மெஷின் அதிகம் ஓடுவதில்லை. உட்கார்ந்திருப்பதைவிட எரிபொருள் சொற்பமே கூடுதலாகச் செலவாகிறது. கெண்டைக்கால் சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளாததால் கால் கடுப்புதான் மிச்சம்.

வேலையில் உடல் அசைவதற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முன்பே தேடியிருக்கிறார்கள்: 1953இல் லண்டன் பஸ்களில் ஜெர்ரி மோரிஸ், படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று கண்டார். வேலையில் சேரும்போதே டிரைவர்களின் இடுப்பளவு பெரிது என்பதைச் சீருடை அளவுகளிலிருந்து பிறகு அவரே கண்டுபிடித்தார்; எனவே வேலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தவிர, அவர் ஆராய்ந்த அத்தனை பேரும் ஆண்கள்; பெண்களின் கணக்கைத் தனியாகத்தான் போட வேண்டும்.

முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. கம்பெனியே சுருங்குகிறது என்றால் கேட்டை எங்கே பொருத்துவது? பெண்களுக்கு ஆரம்பத்திலேயே தசை குறைவு. அதனால் நடை மட்டும் போதாது, தசைக்குப் பளுவும் வேண்டும்.

2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. நல்லது. ஷிப்ட் முடிந்து இருட்டில், ஒரகடம் வழியே கன்டெய்னர் லாரிகள் பறக்கும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் ஒரு பெண் எப்படி நடப்பார் என்பது தனிக் கேள்வி. அவருக்கு ஸ்மார்ட் வாட்சும் வேண்டாம். தோப்புக்கரணம் போதும். வெளிநாடுகளில் அதை 'சூப்பர் பிரெய்ன் யோகா' என்று பெயர் மாற்றி மூளைக்கு விற்றார்கள். மூளைக்கு எப்படியோ, தொடைக்கு நிச்சயம் வேலை. சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். அந்தப் பத்து நிமிடம் கிடைக்க வேண்டுமானால் பாத்திரத்தை வேறு யாராவது தேய்க்க வேண்டும். வீட்டு ஆண்களின் மூச்சும் சற்று வாங்கட்டும்.