பழைய மோட்டார் சைக்கிளைக் குளிர்நிலையில் இயக்குதல்

குளிர்நிலை இயக்கம் என்பது, பல மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டுச் சூடு முழுவதும் ஆறிப்போன இயந்திரத்தை மீண்டும் இயக்குவதாகும். எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் இன்றைய வண்டிகளில் இதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. கார்புரேட்டரும் கையால் இயக்கும் சோக்கும் கொண்ட பழைய வண்டிகளிலோ ஓட்டுபவரே அந்த வேலையைச் செய்தாக வேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரைக் கைவிட்டன. ஆனாலும் அதற்கு முன் வாங்கப்பட்ட வண்டிகள் இன்றும் தெருவெங்கும் ஓடுகின்றன. அவற்றுள் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 இக்கட்டுரையில் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் பிறந்த இவ்வண்டியை இந்தியாவில் தயாரிக்க, மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னை திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் இது வெளிவந்தது.

குளிர்ந்த இயந்திரம் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பிறகே எரிகிறது. முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. சூடான இயந்திரத்தில் கார்புரேட்டர் அனுப்பும் பெட்ரோல் பெரும்பாலும் ஆவியாகிவிடுவதால் இந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாக அமைகிறது.

குளிர்ந்த இயந்திரத்தில் நிலைமை வேறு. பெட்ரோல் ஒற்றைப் பொருள் அன்று. எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிகளும், சூடு பட்டால் மட்டும் ஆவியாகும் கனமான பகுதிகளும் சேர்ந்த கலவை. குளிரில் இலேசான பகுதி மட்டுமே ஆவியாகிறது. மீதி, உள்ளிழுகுழாயின் சுவரிலும் சிலிண்டரின் சுவரிலும் துளித்துளியாகப் படிந்துவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறத்தில் நீர் முத்துக்கள் படிவது போன்றதே இது. ஆகவே கார்புரேட்டர் சரியான அளவு பெட்ரோலை அனுப்பினாலும், பிளக்கின் தீப்பொறிக்கு எட்டும் ஆவி போதுமானதாக இருப்பதில்லை.

இதற்கு வழி, தேவைக்கு அதிகமாகவே பெட்ரோலை அனுப்புவது. பாதி படிந்து வீணானாலும் மீதியிலிருந்து கிடைக்கும் ஆவி பற்றிக்கொள்ளும். சோக்கின் வேலை இவ்வளவுதான்.

இருவகைச் சோக்குகள்

சோக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூச்சை அடைப்பது என்று பொருள். முதல் வகைச் சோக் பெயருக்கேற்பவே நடந்துகொள்கிறது. கார்புரேட்டரின் வாயில் உள்ள ஒரு தகடு மூடிக்கொண்டு காற்றைத் தடுக்கிறது. பிஸ்டன் இழுக்கும் இழுப்பு முழுவதும் பெட்ரோல் துளையின்மீது விழ, பெட்ரோல் அதிகமாக வருகிறது.

இரண்டாம் வகை காற்றை அடைப்பதே இல்லை. அதன் நெம்புகோலைத் திருப்பினால் ஒரு சிறு தண்டு உயர்ந்து, கூடுதல் பெட்ரோலுக்கென உள்ள தனி வழியைத் திறக்கிறது. மிகுனி வடிவமைப்பைப் பின்பற்றிய மிக்கார்ப் கார்புரேட்டர் பொருத்திய புல்லட்டுகளில் இருப்பது இவ்வகை. பேச்சுவழக்கில் இதையும் சோக் என்றே சொல்கிறார்கள்.

இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. இரண்டாம் வகை வேலை செய்ய, ஆக்சிலரேட்டர் மூடியிருக்க வேண்டும். அதைத் திறந்தால் இழுப்பு குறைந்து, தனி வழியில் பெட்ரோல் ஏறாது. உதைக்கும்போதெல்லாம் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டிருப்பது பலருக்கு உள்ள பழக்கம். தங்கள் சோக்கைத் தாங்களே செயலற்றதாக்குகிறோம் என்பதை அவர்கள் அறிவதில்லை. வண்டி நின்றிருக்கும்போது முறுக்குவதாலும் பயனில்லை. முடுக்கு பம்பு இல்லாத இவ்வகைக் கார்புரேட்டரில் அதனால் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட உள்ளே போகாது. தகடு வகையில் மட்டும் ஆக்சிலரேட்டரை ஒரு நூலளவு திறந்து வைப்பது உதவும்.

இவற்றுக்கும் முந்தைய ஆமல் கார்புரேட்டர்களில், மிதவைத் தொட்டியின்மேல் ஒரு சிறு குமிழ் இருந்தது. அதை விரலால் அழுத்தினால் மிதவை தாழ்ந்து, தொட்டி நிரம்பிப் பெட்ரோல் வழியும். விரல் நனைந்தால் போதும் என்பதே அக்கால ஓட்டுநர்களின் அளவுகோல்.

புல்லட்டை உதைக்கும் முறை

முதலில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் நியூட்ரலில் உள்ளதா என்று பார்த்து, பெட்ரோல் டேப்பைத் திறந்து சிறிது நேரம் பொறுக்க வேண்டும். மிதவைத் தொட்டி நிரம்ப அந்த அவகாசம் தேவை. இரவு முழுவதும் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பாமலே, கிளட்சைப் பிடித்தபடி கிக்கரை இரண்டு மூன்று முறை மிதித்தால் அவை பிரிந்துவிடும். பிறகு சோக்கைப் போட்டு, சாவி இல்லாமலே கிளட்சை விட்டு மேலும் இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்தால் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி சேரும்.

அடுத்த படியில்தான் புல்லட்டின் தனித்தன்மை உள்ளது. இதன் 346 சிசி கொள்ளளவும் ஒரே சிலிண்டரில் அமைந்துள்ளது. பிஸ்டன் காற்றை அழுத்தும் கட்டத்தில் கிக்கர் கல்போல நின்றுவிடும். அந்த இடத்தில் உடல் எடையைப் போட்டு உதைப்பது பெருந்தவறு. பிஸ்டன் உச்சியை அடையும் முன்பே தீப்பொறி விழுந்து கலவை எரிந்தால், இயந்திரம் எதிர்த்திசையில் சுழன்று கிக்கரை மேல்நோக்கி எறியும். கணுக்காலும் முழங்காலும் அடிபடுவது இப்படித்தான்; எலும்பு முறிவதும் உண்டு.

இதைத் தவிர்க்கவே டீகம்ப்ரசர் என்னும் சிறு நெம்புகோல் கைப்பிடியில் தரப்பட்டுள்ளது. அதை இழுத்தால் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று வெளியேறிவிடும். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக மிதித்து, அது கெட்டியாக நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பின்னர் டீகம்ப்ரசரை இழுத்துக்கொண்டு, அம்மீட்டரைக் கவனித்தபடி இன்னும் சிறிது தாழ்த்த வேண்டும். சிபி பாயிண்ட் மூடியிருக்கும்வரை சுருளில் மின்னோட்டம் பாய்வதால் முள் கழித்தல் பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். முள் நடுவுக்கு வந்தபின் ஒரு மயிரிழை கூடுதலாகத் தாழ்த்தினால் பிஸ்டன் உச்சியைச் சற்றே கடந்திருக்கும். இப்போது டீகம்ப்ரசரை விட்டு, கிக்கரை முழுவதும் மேலே வரவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரே சீராக அடிவரை உதைக்க வேண்டும்.

பலத்தைவிட இந்த இடமே முக்கியம். உச்சியைக் கடந்த நிலையிலிருந்து உதைத்தால் அடுத்த அழுத்தம் வருவதற்குள் இயந்திரம் ஏறக்குறைய இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் பறவைச் சக்கரம் வேகம் பிடித்துவிடும். ஒல்லியான உடல்வாகு உள்ளவர் முதல் உதையிலேயே இயக்குவதும், பலசாலி ஒருவர் பதினைந்து உதையில் வியர்த்து நிற்பதும் இதனால்தான். உறுதியான காலணி அணிந்தே உதைக்க வேண்டும். செருப்புடன் உதைப்பது கூடாது.

100 சிசி வண்டிகளுக்கு இத்தனை சடங்கு இல்லை. சோக்கைப் போட்டு இரண்டு மூன்று முறை உதைத்தாலே போதும்.

சோக்கை எடுக்கும் நேரம்

போட மறப்பவரைவிட எடுக்க மறப்பவரே அதிகம். பொதுவாக அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் சோக்கைப் படிப்படியாக எடுத்துவிடலாம். சீராக ஓடிய இயந்திரம் திணறத் தொடங்குவதும், புகைக்குழாயில் கரும்புகை வருவதும் எடுக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டதற்கான அடையாளங்கள். சோக்குடனேயே ஓட்டினால் ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி இயந்திர எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். பிஸ்டன் வளையங்கள் தேய்வதும் பிளக்கில் கரி பிடிப்பதும் அதன் விளைவுகள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. காற்று குறைந்த கலவை எரியும்போது கார்பன் மோனாக்சைடு மிகுதியாக உண்டாகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்புடன் ஒட்டிக்கொள்கிறது. மழைக்கும் குளிருக்கும் அஞ்சி வீட்டுக்குள்ளோ, கதவடைத்த கொட்டகையிலோ சோக்குடன் வண்டியை ஓடவிடுவது உயிருக்கே உலை வைக்கும். வெளியே தள்ளி வந்த பிறகே இயக்க வேண்டும்.

இடமும் எரிபொருளும்

சென்னையின் மே மாதத்தில் சோக் இல்லாமலே பல வண்டிகள் கிளம்பிவிடும். மார்கழி அதிகாலையில் அதே வண்டி சோக்கைக் கேட்கும். மலையில் இருவேறு விளைவுகள் மோதுகின்றன. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் குளிர் கூடுதல் பெட்ரோலைக் கேட்கிறது. ஆனால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருப்பதால், சமவெளிக்கென அமைத்த கார்புரேட்டரில் கலவை தானாகவே பெட்ரோல் மிகுந்ததாகிவிடுகிறது. எனவே கிளம்புவதற்குச் சோக் தேவைப்பட்டாலும், சமவெளியில் பழகிய கணக்கைவிட விரைவில் எடுத்துவிடுவது நல்லது.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் இதில் சேர்கிறது. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட அதிக வெப்பம் தேவை. எரிய 9 பங்கு காற்றே போதும். பழைய கார்புரேட்டரோ தன் பழைய அளவிலேயே அனுப்புகிறது. ஆகவே கலவை மெலிந்து, சோக் சற்று அதிக நேரம் தேவைப்படலாம். எத்தனால் நீரையும் ஈர்க்கும். வாரக்கணக்கில் வண்டி நின்றிருந்தால் மிதவைத் தொட்டியின் அடித்திருகைத் தளர்த்திப் பழைய பெட்ரோலை வடித்துவிடுவது உதைகளை மிச்சப்படுத்தும்.

கிளம்பாவிட்டால்

ஏழெட்டு உதைக்குப் பிறகும் கிளம்பாமல் பெட்ரோல் வாடை அடித்தால், பிளக் நனைந்துவிட்டது என்று கொள்ளலாம். மேலும் உதைப்பது நிலைமையைக் கெடுக்கும். டேப்பை மூடி, சோக்கை எடுத்து, சாவியை அணைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்தபடி ஐந்தாறு முறை உதைத்தால் மிகுந்த பெட்ரோல் வெளியேறும். பிறகு சோக் இல்லாமல் முயல வேண்டும். அப்போதும் முடியாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்திப் போடலாம். கழற்றிய பிளக் நனையாமல் காய்ந்தே இருந்தால், பெட்ரோலே வரவில்லை என்று பொருள். டேப்பிலோ, மிதவை ஊசியிலோ, சோக்கின் சிறு துளையிலோ அடைப்பைத் தேட வேண்டும். தீப்பொறி வருகிறதா என்று சோதிப்பவர், பெட்ரோல் ஆவி வெளிவரும் பிளக் துளையிலிருந்து பிளக்கைத் தள்ளி வைத்தே சோதிக்க வேண்டும்.