சொகுசுக் கப்பலில் டிப்ஸ் கட்டாயமா? டிக்கெட் போடும் முன் இதைப் படிங்க!

கள்ளக்குறிச்சி ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு சர்வருக்கு 10, 20 ரூபாய் வைப்பது நம்ம இஷ்டம். சொகுசுக் கப்பலில் கதை வேறு. 2022 ஜூனில் சென்னையிலிருந்தே ‘கார்டிலியா’ கிளம்பிய பிறகு கப்பல் டூர் நமக்கும் பக்கத்தில் வந்துவிட்டது. அதனால், ‘கிராஜுவிட்டி’ பற்றித் தெரிந்துகொள்வது அவசியம்.

எவ்வளவு?
பல நிறுவனங்கள் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பில்லில் தாமாகவே சேர்த்துவிடும். ராயல் கரீபியன் 2023 நவம்பரில் சாதாரண அறைக்கு இதை 18 டாலராக உயர்த்தியது. குழந்தைகளுக்கும் உண்டு. அந்தக் கணக்கில் 4 பேர், 5 நாள் என்றால் 360 டாலர்!

யாருக்குப் போகிறது?
அறையைச் சுத்தம் செய்பவர், பரிமாறுபவர் மட்டுமல்ல. நம் கண்ணில் படாத ஊழியர்களுக்கும் பங்கு உண்டு.

குறைக்கச் சொல்லலாமா?
பல கப்பல்களில் கவுன்ட்டரில் கேட்டுக் குறைக்கலாம். ஆனால், டிப்ஸை நம்பியே வேலை பார்க்கும் பலருடைய வருமானத்தில் அது கை வைக்கும். சர்வீஸில் குறை இருந்தால் அன்றைக்கே புகார் சொல்லுங்க. சரிசெய்ய வாய்ப்பு கிடைக்கும்.

நம்ம ஊர் சட்டம்?
ஹோட்டல், ரெஸ்டாரன்ட் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. புகாருக்கு 1915. ஆனால், சிங்கப்பூரில் ஏறும் கப்பலில் இதைக் காட்டி வாதாட முடியாது.

எனவே, டிக்கெட்டோடு டிப்ஸையும் கூட்டியே பட்ஜெட் போடுங்க.