இப்படி ஒரு சாமான் இருந்தால்...!

போன மாதம் ஒரு நாள் பிற்பகல். கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்ற பிறகு வீட்டுக்குள் உட்கார முடியுமா? எங்கள் குடியிருப்பில் நாலு வீட்டுப் பெண்களும் மாடிப்படி ஓரத்து நிழலுக்கு வந்து சேர்ந்தோம். கை சும்மா இருக்காதே! ஒருத்தி மடியில் முருங்கைக்கீரை. இன்னொருத்தி முறத்தில் ஒரு கிலோ சின்ன வெங்காயம். எதிர்வீட்டுப் பெண்ணின் தோளில் மூன்று மாதக் கைக்குழந்தை. என் அம்மா ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“நிலாவுக்கு ராக்கெட் விடறாங்க. இந்த வெங்காயத்தை உரிக்க நம்ம வீட்டுக்கு ஏத்த மாதிரி ஒரு சின்ன மெஷின் பண்ண ஒருத்தருக்கும் தோணலையே!” என்று ஆரம்பித்தாள் வெங்காயக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆசைப் பட்டியலை அவிழ்த்து விட்டார்கள்.

“துவைச்சுக் காய வைக்க மெஷின் வந்தாச்சு. மடிச்சு பீரோவிலே அடுக்கவும் ஒண்ணு வரணும்.”

“பள்ளிக்கூடத்திலே தொலைஞ்சு போகாத தண்ணி பாட்டில் மூடி!”

“சிலிண்டர்லே காஸ் எவ்வளவு பாக்கி இருக்குன்னு காட்டற முள். விருந்தாளி வந்த அன்னிக்குத்தானே அது தீர்ந்து தொலைக்குது!”

குழந்தைக்காரி மெதுவாகச் சொன்னாள்: “இவன் எதுக்கு அழறான்னு சொல்ற மெஷின் வேணும் அக்கா. ராத்திரி இரண்டு மணிக்கு இவன் அழுதா, நானும் கூடச் சேர்ந்து அழறேன்.”

மாமியின் கைவைத்தியம்

மெஷின் வரும்வரை என்ன செய்வது? எங்கள் கீழ்வீட்டு மாமியிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. உபயோகப்படும் என்பதால் அப்படியே தருகிறேன்.

சின்ன வெங்காயத்தைக் காம்பும் வேரும் நறுக்கி, கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் இளகிக் கழன்றுவிடும். முருங்கைக்கீரையைக் கொத்தோடு ஒரு துணியில் இறுகச் சுற்றி இரவு முழுவதும் வைத்துவிட்டால், காலையில் உதறினாலே முக்கால்வாசி இலை உதிர்ந்துவிடும்.

காஸ் சிலிண்டரை ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை ஒரு பக்கமாகத் துடைத்துவிட்டுச் சில நிமிஷம் பொறுங்கள். காலியான மேல்பாகம் சீக்கிரம் காய்ந்துவிடும். திரவமாகக் காஸ் நிற்கும் கீழ்பாகம் குளிர்ச்சியாக இருப்பதால் ஈரம் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் தெரியும் கோடுதான் மட்டம்.

குழந்தை அழுதால்? “பசியா, துணி நனைஞ்சிருக்கா, வயித்திலே காத்தா, புழுக்கமா, எறும்பு கிறும்பு கடிச்சிருக்கா, இந்த அஞ்சையும் வரிசையா பாரு. அஞ்சும் இல்லாம வீறிட்டு அழுதாலோ, பால் குடிக்க மாட்டேன்னாலோ, உடம்பு சுட்டாலோ, விடியட்டும்னு காத்திருக்காதே. டாக்டர்கிட்டே தூக்கிண்டு ஓடு.”

முணுமுணுப்பில் பிறந்தவை

“வேலையத்த பேச்சு” என்று வீட்டு ஆண்கள் சிரிக்கலாம். ஆனால் இன்று நம் வீட்டில் இருக்கும் பல சாமான்கள் இப்படிப்பட்ட முணுமுணுப்பில் பிறந்தவைதான்.

அமெரிக்காவில் 1920-ல் ஏர்ல் டிக்ஸன் என்பவருக்கு ஒரு கவலை. அவர் மனைவி ஜோஸஃபின் சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். தனியாக இருக்கும்போது ஒரே கையால் கட்டுப் போடுவது எப்படி? ஒட்டும் நாடாவில் இடைவெளி விட்டுச் சிறு சிறு பஞ்சுத் துணியை வைத்து மனைவிக்குக் கொடுத்தார் கணவர். நாம் பிள்ளைகளின் முழங்காலில் ஒட்டுகிற ‘பேண்ட்-எய்ட்’ அப்படி வந்ததுதான்.

நம் ஊர் மிக்ஸியின் கதையும் இதே மாதிரி. 1960-களில் மும்பையில் மாதுரி மாத்தூர் என்ற இல்லத்தரசியின் வெளிநாட்டு மிக்ஸி, நம் ஊர் அரவைக்கு ஈடுகொடுக்காமல் நின்றுபோனது. எஞ்சினீயரான கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர், மஞ்சளையும் பருப்பையும் அரைக்கிற மாதிரி உறுதியான மோட்டார் வைத்து ஒன்றைச் செய்தார். ‘சுமீத்’ வந்தது.

கோயம்புத்தூரில் 1955-ல் பி. சபாபதி உருவாக்கிய வெட்கிரைண்டரை மறக்க முடியுமா? ஆட்டுக்கல்லில் கல் சும்மா இருக்கும், குழவியைச் சுற்றிச் சுற்றி நம் தோள்தான் தேயும். அவர் கல்லைச் சுற்ற விட்டுக் குழவியை நிற்க வைத்தார். எத்தனை லட்சம் தோள்களுக்கு விடுதலை!

இந்தக் கதைகளில் எல்லாம் கஷ்டம் எப்படியோ ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. படாமலே போகிற கஷ்டங்கள்?

அமெரிக்க எஞ்சினீயர் லில்லியன் கில்ப்ரெத், பன்னிரண்டு பிள்ளைகளின் தாய். அடுப்பும் தொட்டியும் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதற்கு 4,000-க்கும் அதிகமான பெண்களைக் கேட்டறிந்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைக்கூடையும், ஃபிரிஜ் கதவின் உள்தட்டுகளும் அவர் யோசனையே. கேட்டதால் கிடைத்த பலன்!

1998-ல் கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், தம் மனைவி எதையோ ஒளித்து எடுத்துப் போவதைப் பார்த்தார். மாதவிலக்குக்கு வைத்திருந்த பழந்துணி. “நாப்கின் வாங்கினால் பால் வாங்கப் பணம் இருக்காதே” என்பது மனைவியின் கணக்கு. எத்தனையோ கேலிக்குப் பிறகு, மலிவாக நாப்கின் செய்யும் சிறு இயந்திரத்தை அவர் உருவாக்கினார். 2016-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் கண்ணில் மட்டும் அந்தத் துணி படாமல் இருந்திருந்தால்?

அம்மா கேட்காதது

அன்றைக்கு அம்மாவிடமும் கேட்டோம். “பாட்டி, உங்களுக்கு என்ன சாமான் வேணும்?”

“எனக்கென்னம்மா வேணும்? எல்லாம் பழகிப் போச்சு” என்றாள்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், அம்மாவுக்குத் திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் ஆயிற்றே என்று, நினைவு இருக்கும்போதே நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால்மணி நேரத்தில் தெளிந்தாள். உடனே டாக்டரிடம் அழைத்துப் போனோம். “நல்ல வேளை செய்தீர்கள். ஆனால் நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றிவிடக் கூடாது, புரையேறிவிடும். இந்த மாத்திரைக்குச் சர்க்கரை மறுபடியும் இறங்கலாம், கண்காணிக்க வேண்டும்” என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் விஷயம் விளங்கியது. பி.பி. மாத்திரை என்று நினைத்து, இன்னொரு சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறாள். அதுவும் வெறும் வயிற்றில். இரண்டும் வெள்ளை, இரண்டும் பொடிசு. கடையில் வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டில் பாதிப் பெயர் போய்விட்டது. மீதி எழுத்து எறும்பு மாதிரி இருந்தது.

“ஒரு வருஷமா அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியலைடி. தடவிப் பார்த்துத்தான் எடுப்பேன்” என்றாள் அம்மா.

“ஏம்மா சொல்லலை?”

“நீங்க எல்லாரும் ஓடிண்டே இருக்கீங்க. இதைப் போய் என்ன சொல்றது?”

எனக்கு நெஞ்சு அடைத்துப் போயிற்று. வெங்காயத்துக்கு மெஷின் கேட்ட நாங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ளவில்லையே!

இப்போது ஏழு நாளுக்கும் காலை, மாலை என்று அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கியாயிற்று. ஞாயிறுதோறும் நான் நிரப்புகிறேன். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம். மீதி மாத்திரைகளைச் சர்க்கரைக்கு மஞ்சள் பை, பி.பி.க்குச் சிவப்புப் பை என்று பிரித்து, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கடையில் அட்டையை வெட்டினால், பெயரும் தேதியும் உள்ள துண்டாகக் கேட்டு வாங்குகிறேன். இந்த டப்பா குழந்தைகளுக்குச் சுலபமாகத் திறக்க வரும். எட்டாத உயரத்தில் வைப்பது முக்கியம்.

ஒரு நோட்டு, ஒரு கேள்வி

சகோதரிகளே, சமையலறை ஆணியில் ஒரு சின்ன நோட்டைக் கட்டித் தொங்க விடுங்கள். எந்த வேலையில் “சே!” என்று வாயில் வருகிறதோ, அதை எழுதுங்கள். மாதம் ஒரு முறை குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். பாதிக்குக் கடையில் சாமான் இருக்கும். கால்வாசிக்கு மாமி மாதிரி யாராவது வழி சொல்வார்கள். மீதியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் விடுங்கள். யார் கண்டது, அடுத்த வெட்கிரைண்டர் உங்கள் வீட்டிலிருந்தே வரலாம்!

பெரியவர்களிடம் “என்ன வேணும்?” என்று கேட்காதீர்கள். “ஒண்ணும் வேண்டாம்” என்றுதான் பதில் வரும். “எது கஷ்டமா இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “பாத்ரூம்லே எழுந்திருக்கறப்போ பிடிச்சுக்க ஒரு கம்பி மாதிரி ஏதாவது இருந்தா தேவலை” என்றாள்.

அதை எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. மறுநாள் காலையிலேயே கொத்தனாரை வரச் சொல்லி, சுவரில் பதித்துவிட்டோம்.