எஞ்சினிற் படியும் கரி

சாரற் பருவத்தில் குற்றாலத்தினின்று ஐந்தருவிக்குச் செல்லும் மோட்டார்கள் ஊர்ந்தே செல்கின்றன. இவ்வாறு குறுந்தொலைவே ஓடி, போதிய சூடேறாத எஞ்சினில் பெட்ரோல் முற்றும் எரியாது கரியாய்ப் படியும். அக்கரி சிலிண்டரின் உள்ளிடத்தைக் குறுக்கி அழுத்தத்தை மிகுவிக்கும்; தணலாய் நின்று பெட்ரோலை முந்திக் கொளுத்தவுஞ் செய்யும். மேடேறுங்கால் எழும் தட்டொலி பலகால் இதன் விளைவே.

1940க்கு முன்னர் எஞ்சினின் தலையைக் கழற்றிக் கரி சுரண்டுதலை வண்டியுடையார் பலர் தாமே செய்தனர். இன்று அது மெக்கானிக்கின் வேலை. வீட்டில் நாம் செய்யத்தக்கது, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, காற்றுப் புகும் திராட்டில் வாயை அதற்குரிய திரவந் தோய்ந்த மென்துணியால் துடைத்தலே. பெட்ரோலிற் கலக்கும் மருந்துகளும் உள. ஆயினும் சிலிண்டருள் நேரே பெட்ரோலைப் பீய்ச்சும் புது எஞ்சின்களில், காற்றை உள்விடும் வால்வின்மேல் அம்மருந்து படுவதேயில்லை. அங்குள்ள கரி அதனாற் கரையுமென்பது வீண் நம்பிக்கை.

ஓடும் எஞ்சினில் நீர் வார்த்தாற் கரி பெயருமென்பாரும் உளர். நுண்டுளியாயின் ஆவியாய் ஒழியும். மிகின், நீர் அழுத்தத்திற் சுருங்காதாகலின், பிஸ்டன் தடையுண்டு அதனைத் தாங்குந் தண்டு வளைந்துவிடும். சென்ற பருவத்தில் ஐந்தருவியினருகே நண்பரொருவர் செம்பு நிறைய அருவிநீருடன் தம் வண்டியை அணுகினார். ஓடிச்சென்று அவர் கையைப் பற்றினோம்.